பாறை ஏறும் வண்டியும் என் வலது காலும்

அந்த ஸ்க்ரூவை ஒரு மணி நேரமாக வீடு முழுக்கத் தேடினேன். அது என் வலது உள்ளங்காலில் இருந்தது. தேடின நேரம் முழுக்க அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். சட்டையை உதறினேன், மேசைக்கு அடியில் டார்ச் அடித்தேன், காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனேன், பிரிட்ஜுக்கு அடியில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவினேன், இரண்டு செத்த கரப்பானும் ஒரு வளையல் துண்டும் வெளியே வந்தன. கடைசியில் சலித்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டபோதுதான் உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே சதை தடித்திருக்கும் இடத்தில், கறுப்பாக ஒரு பொட்டு. மிளகுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நட்டநடுவில் ஆறு மூலைக் குழி. ஆலன் கீ போட்டுத் திருகுகிற குழி. பிளாஸ்டிக்கில் ஏறுகிற கூர்முனை ஸ்க்ரூ அது, ஆறு மில்லிமீட்டர், தலை மட்டும் வெளியே நிற்க முழுசாக உள்ளே இறங்கியிருக்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. கொஞ்சம் தாமதமாக வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஐம்பத்திரண்டு வயதில் வலிக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பிறகுதான், ஸ்க்ரூவை மறந்து, தரையைப் பார்த்தேன். மேசையிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும், பிரிட்ஜிலிருந்து சாமி படம் வரைக்கும், அங்கிருந்து பின்கதவு வரைக்கும், போய்த் திரும்பி வந்த அடையாளமாக, ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் காசளவு சிவப்புப் பொட்டு. எல்லாம் வலது கால். பூங்கொடி வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. என் மனைவியிடமிருந்து என் ரத்தத்தை மறைக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்போது மணி ஒன்று இருபது. மூன்று ஐம்பதுக்குச் செம்மேட்டிலிருந்து பஸ் எடுக்க வேண்டும். கொல்லிமலையிலிருந்து கீழே காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு. பயமாக இருக்கிறது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன், வீட்டில் நான் மட்டும்தானே இருக்கிறேன், யாருக்கு வேஷம் கட்ட வேண்டும். இருந்தாலும் தரையைத் துடைத்துவிட்டு, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேசையில் வந்து உட்கார்ந்து அதே ஸ்க்ரூவை மண்ணெண்ணெயில் கழுவி அது போக வேண்டிய இடத்தில் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வது. கை வேலை செய்துகொண்டிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி உட்காரும் என்று ஒரு நம்பிக்கை. இந்தப் பொம்மை வண்டி ஒரு சாண் நீளம். ரிமோட்டில் ஓடுவது, ஆனால் வேகமாக ஓடுகிற ரகம் இல்லை. பாறை மேல் ஏறுவதற்காகவே செய்தது, எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும், நான்கு சக்கரமும் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கல்லைப் பிடித்துத் தொங்கும். கிராலர் என்று பெயர். மகள் கோகிலா ஓசூரிலிருந்து என் பிறந்தநாளுக்கு அனுப்பினாள். போனில், வண்டி ஓட்டாத நேரத்துலயும் நீங்க வண்டிதானப்பா ஓட்டுவீங்க, அதான் அனுப்புனேன் என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று. இரண்டு நாள் அட்டைப்பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் திறந்தேன். நான்காம் நாள் அதைக் கழற்றி அக்குவேறு ஆணிவேறாகப் போட்டேன்.

கம்பெனியில் செய்தது செய்தபடி எதையும் வைத்திருக்க எனக்குத் தெரியாது. நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான், எங்கள் ஊரில் லாரி வெறும் சேசிஸாகத்தான் வந்து இறங்கும், முகம் வைத்து உடம்பு வைத்துப் பொட்டு வைத்து அனுப்புவது நாங்கள்தான். இந்தச் சின்ன வண்டியும் வந்தபோது முன்பக்கம் லேசாக இருந்தது. மேடு ஏறும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தது. டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டுகிற ஈயத்துண்டு நாலு வாங்கி வந்து, முன்சக்கரத்துக்குள்ளே வளைத்து ஒட்டினேன். பேட்டரியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, மோட்டாருக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டினேன். ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை எடுத்துப் பாதியாக வெட்டிப் போட்டேன். டயருக்குள் இருந்த பஞ்சை ஓரத்தில் சீவிவிட்டேன், இப்போது டயர் கல்லின் மேல் அமுங்கி, கல்லின் வடிவத்துக்கே வழிந்து பிடிக்கிறது. வெயிட் கீழே இருக்க வேண்டும், முன்னால் இருக்க வேண்டும், டயர் மெத்தென்று இருக்க வேண்டும், இவ்வளவுதான் சூத்திரம். எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். என் கை விரலில் ஒரு தூசி பட்டாலும் தெரிகிறது, நூலளவு மரை தவறினாலும் தெரிகிறது. கை இருக்கிறது. கை நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கால் மட்டும் எப்படி. இரண்டும் ஒரே உடம்புதானே. ஒரே சர்க்கரை வியாதிதானே இரண்டிலும் ஓடுகிறது. டாக்டரைக் கேட்டால் தூரமாக இருப்பதுதான் முதலில் போகும் என்பார். கீழே கடைசி ஊருக்குக் கரண்டு முதலில் போகிற மாதிரி.

நான் செருப்புப் போட்டு வண்டி ஓட்டியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு கெத்து உண்டு. சீட்டில் ஏறினதும் செருப்பைக் கழற்றி இஞ்சின் மூடிக்குக் கீழே தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெறுங்காலைப் பிரேக் மேல் வைப்பேன். பழைய ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான். பிரேக் பெடலின் இரும்பில் ஒரு நடுக்கம் இருக்கும், காற்று எவ்வளவு நிறைந்திருக்கிறது, டிரம் சூடேறிவிட்டதா, பின்னால் லோடு எப்படி உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அந்த நடுக்கத்தில் தெரியும். அதைக் காலில் வாங்குகிறவன்தான் டிரைவர், ஷூ போட்டு ஓட்டுகிறவன் எல்லாம் ரப்பரை ஓட்டுகிறான் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வளர்மதி டீச்சர், வெள்ளிக்கிழமை தோறும் என் வண்டியில்தான் கீழே அம்மா வீட்டுக்குப் போவார், இப்போது ஏழு மாதக் கர்ப்பம், என் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருவார், அவர் சொல்வார், உங்க வண்டின்னா வயித்துத் தண்ணி குலுங்காதுங்க என்று. அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. எழுபது வளைவிலும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வதைக் கண்ணாடியில் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாளை நினைக்கக் கூடாது. இந்த நட்டு சரியாக உட்காரவில்லை. திருப்பிக் கழற்ற வேண்டும்.

நினைக்கக் கூடாது என்றால் நினைவு அங்கேதான் போய் நிற்கும். முப்பத்திரண்டாவது வளைவு. ஐப்பசி மழை விட்ட சாயங்காலம், ரோட்டில் நீர் மினுமினுக்கிறது, இரண்டாவது கியரில் இறங்குகிறேன், முப்பத்திரண்டுக்கு முன்னால் ஒரு சின்ன நேர்ரோடு, அங்கே வண்டி கொஞ்சம் கால் வீசும், அதை அடக்க வேண்டும். பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். புஸ் என்று காற்றுச் சத்தம் வரவில்லை. வண்டி நிற்கவில்லை. குறையவும் இல்லை. எதிரே வளைவின் வெள்ளைக் கட்டை பெரிதாகிறது, கட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, காற்றும் கீழே நாமக்கல் போகிற பக்கத்துத் தென்னந்தோப்புகளும்தான். குனிந்து காலைப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் நான் ஓடுகிற வண்டியில் காலைக் குனிந்து பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். என் கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில், தரையில், விறைப்பாக அழுத்திக்கொண்டிருந்தது. தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பார்த்த பிறகு தூக்கி வைத்தேன், வண்டி குலுங்கி நின்றது, எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள், யாரோ சிரித்தார்கள், மிளகு மூட்டைக்காரம்மா ஒருத்தி என் பரம்பரையையே திட்டினாள். டீச்சர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மாதேஸ்வரன், ஏனுங்ணா, குரங்கு ஏதாச்சும் குறுக்க வந்துச்சுங்களா என்று கேட்டான். ஆமா என்றேன். குரங்கு. பெருசு. கீழே வந்து சேர்ந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமானது, ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரம் என்று சொல்லிக்கொண்டேன். தரை ஈரம், கால் வழுக்கியது. வழுக்கினால் வழுக்குவது தெரியுமே. வழுக்கியது தெரியவே இல்லையே. இந்த இடத்தில் வந்து வந்து முட்டுகிறேன். இருபத்தொரு நாளாக இந்த இடத்தில் முட்டுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். தை மாதம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களுக்கு மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். கண், பிரஷர், சர்க்கரை. கடைசியில் ஒரு நர்ஸம்மா, கோகிலா வயதுதான் இருக்கும், என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு பிளாஸ்டிக் குச்சியின் முனையில் நைலான் நூல், மீன் பிடிக்கிற நூல் மாதிரி, அதைக் காட்டி, கண்ண மூடிக்கோங்க, கால்ல நா தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க என்றாள். கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று சும்மா கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து லேசாக இமையைத் திறந்து பார்த்தால் அவள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கிறாள். நூல் வளைகிற அளவுக்கு அழுத்துகிறாள். அதற்குப் பிறகு நான் செய்தது திருட்டுத்தனம். இமை இடுக்கில் அவள் முழங்கை அசைவதைப் பார்த்துப் பார்த்து ஆமா, ஆமா என்றேன். நடுவில் நம்பும்படியாக இருக்கட்டும் என்று ஒரு தடவை வேண்டுமென்றே சும்மா இருந்தேன். பரவாயில்லைங்களே என்று எழுதிக்கொண்டாள். பரீட்சையில் காப்பியடித்துப் பாஸானவன் மாதிரி வெளியே வந்து டீ குடித்தேன், அந்த டீ நன்றாகவே இருந்தது, இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அந்தப் பெண்ணை ஏமாற்றி எனக்கு என்ன கிடைத்தது. அவள் என்னைச் சீட்டிலிருந்து இறக்குவதற்காக வந்தவள் என்று நினைத்தேன். நாற்பத்தெட்டுப் பேரை உட்கார வைத்துக்கொண்டு இறங்குகிறவன் இதில் காப்பியடித்தேன்.

பூங்கொடியிடம் காப்பியடிக்க முடியவில்லை. எனக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். கல்யாணமான புதிதில் அவள் தெரியாமல் கால்பட்டாலே நான் கட்டிலில் எகிறி உட்காருவேன், அதைக் கண்டுபிடித்துவிட்டு வேண்டுமென்றே விரலால் கீறுவாள், இவ்வளவு பெரிய ஆம்பள இப்படித் துள்றீங்களே என்று சிரிப்பாள். இருபத்தாறு வருஷமாக அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. போன மாதம் பாதத்தில் வெடிப்பு என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் என்று உட்கார்ந்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பேச்சு நின்றுவிட்டது. திரும்பினால் அவள் ஆள்காட்டி விரல் நகத்தால் என் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாக, ஒரு தடவை, இன்னொரு தடவை. என் கால் அவள் மடியில் யாருடைய காலோ மாதிரிக் கிடக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, உடனே காலை வெடுக்கென்று இழுத்து, ஐயோ கூசுதுடி என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில், ஏனுங்க, கீழ பெரிய டாக்டருகிட்ட ஒருக்கா போயிட்டு வந்தரலாங்களா என்று மட்டும் கேட்டாள். ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, சத்துணவுக்கூடத்தில் வேலை முடித்து வந்ததும் முதலில் என் காலைத்தான் பார்க்கிறாள், பார்க்காத மாதிரி பார்க்கிறாள். இன்றைக்கு மூன்றரைக்கு வருவாள். துணிக்கட்டைப் பார்ப்பாள். ஏதாவது சொல்ல வேண்டும். ஆணி குத்திவிட்டது, உயிர் போகிற வலி என்று சொல்லலாம். உயிர் போகிற வலி என்று சொன்னால் சந்தோஷப்படுவாள், பாவம்.

அர்த்தநாரி அண்ணன் ஞாபகம் வருகிறது, வர வேண்டாம் என்றாலும் வருகிறார். என்னோடு திருச்சி ரோட்டில் லாரி ஓட்டியவர். காலில் ஒரு கொப்புளம், அதுவும் தெரியாமல் வந்தது, முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. இப்போது கீழே பேக்கரிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்கிறார், செங்கோடா, உன்னோட கியர் மாத்தறது தனிடா என்பார், நான் காது கேட்காத மாதிரிப் போய்விடுவேன். எனக்கு அவர் காலைப் பற்றிப் பயம் இல்லை. அந்த நாற்காலியைப் பற்றித்தான் பயம். காலை நாலரைக்கு எழுந்து எங்கும் போக வேண்டியதில்லாத ஆளாக நான் என்னை யோசித்துப் பார்த்ததே இல்லை. யாராவது உங்கள் தொழில் என்ன என்று கேட்டால் டிரைவர் என்பேன், தொழிலா அது, அது நான்தானே. சரி. கடைசி ஸ்க்ரூவும் ஏறிவிட்டது. பாடியை மாட்டிவிட்டேன். தகரத்தில் நானே வெட்டிய பாடி, முன்னால் சின்னதாக எலுமிச்சம்பழம் வரைந்திருக்கிறேன். பின்வாசலுக்குக் கொண்டுபோகிறேன். துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, மலைக்கற்களை அடுக்கி ஒரு ஏற்றமும் இறக்கமும் கட்டி வைத்திருக்கிறேன், வளைவும் வைத்திருக்கிறேன். எத்தனை வளைவு என்று கேட்காதீர்கள்.

ஏறுகிறது. அருமையாக ஏறுகிறது. முன்சக்கரம் கல்லின் விளிம்பைத் தடவி, பிடித்து, ஈயத்தின் கனத்தில் தலையைக் கீழே வைத்துக்கொண்டு, பின்சக்கரம் வரும் வரை காத்திருந்து ஏறுகிறது. நான் இரண்டு விரலால்தான் ஓட்டுகிறேன். ரிமோட்டின் குமிழியில் எந்த நடுக்கமும் வராது, கல் வழுக்குகிறதா, டயர் பிடித்ததா, ஒன்றும் விரலுக்கு வராது. கண்ணால் பார்த்து, பார்த்ததற்குத் தக்க அழுத்த வேண்டும். முதலில் இது எனக்குக் கைவரவே இல்லை, பத்துத் தடவையில் எட்டுத் தடவை விழுந்தது. இப்போது பத்துக்குப் பத்து ஏறுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான், வண்டி ஆறாவது கல்லில் இருக்கும்போது, எனக்கு அது புரிகிறது. புரிந்த உடனே ரிமோட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். நான் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. நான் பழகிக்கொண்டிருக்கிறேன். இருபத்தொரு நாளாக, ஈயம் ஒட்டுகிறேன், ஸ்பிரிங் வெட்டுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, உணர்ச்சியே இல்லாமல் ஒரு வண்டியை மலையிலிருந்து இறக்க முடியுமா என்று பழகிக்கொண்டிருக்கிறேன். முடியும் என்று நிரூபித்துவிட்டால் இன்றைக்கும் நாளைக்கும் சீட்டில் ஏறிவிடலாம். கண் இருக்கிறதே, காது இருக்கிறதே, புஸ் சத்தம் இருக்கிறதே, கால் எதற்கு. இப்படித்தான் யோசித்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள் யோசித்திருக்கிறேன். சரி, இறக்கிப் பார்த்துவிடுவோம், இதையும் பார்த்துவிடுவோம். வண்டியைத் திருப்பி இறக்குகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று கல். நான்காவது கல் கொஞ்சம் உயரம், அதற்குப் பின்னால் போகும்போது எனக்கு இந்தப் பக்கமிருந்து வலது முன்சக்கரம் தெரியாது. தெரியாத அந்த ஒரு நொடி சக்கரம் எதன் மேல் இருக்கிறது, கல்லா காற்றா. எழுந்து பார்க்கலாம். எழுந்து போய் எட்டிப் பார்ப்பதற்கு இங்கே வசதி இருக்கிறது. நான் எழவில்லை. வேண்டுமென்றே உட்கார்ந்திருந்து, அனுமானத்தில், இவ்வளவுதான் இருக்கும் என்று அழுத்தினேன். சத்தமே இல்லை. மெதுவாகச் சாய்ந்து, எலுமிச்சம்பழம் வரைந்த முகம் முதலில் கீழே போக, துவைக்கிற கல்லின் ஓரத்தில் தட்டி, சாக்கடை வாய்க்காலில் மல்லாக்க விழுந்தது. நான்கு சக்கரமும் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தன. நான் இன்னும் குமிழியை அழுத்திக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

மணி மூன்று இருபது. ஒரு பொய் சொல்லிவிடலாம். காய்ச்சல். இன்றைக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் போடுவார்கள், நாளைக்கு என்ன சொல்வேன், நாளன்றைக்கு. பூங்கொடிக்கு உடம்பு சரியில்லை எனலாம், ஐயையோ, அது வேண்டாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் போய் ஏறிவிடலாம். இன்றைக்கு மழை இல்லை. மெதுவாக இறக்கலாம், ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் குனிந்து காலைப் பார்த்துவிட்டு இறக்கலாம், எழுபது தடவை குனிய வேண்டும், குனிகிற அந்த நொடி ரோட்டை யார் பார்ப்பது. செருப்புப் போட்டுக்கொள்ளலாம். செருப்பு நழுவினாலும் தெரியாது. காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். இதைக்கூட யோசித்தேன், சிரிக்காதீர்கள், ரப்பர் டியூப்பை எங்கே வெட்டி எங்கே முடிச்சுப் போடலாம் என்று அளவுவரைக்கும் யோசித்தேன். டீச்சர் முதல் சீட்டில் வந்து உட்காருவார். குட் ஈவ்னிங் டிரைவரண்ணா என்பார். கண்ணாடியில் அவர் முகம் நிம்மதியாகத் தெரியும், அந்த நிம்மதி என் காலை நம்பி இருக்கிற நிம்மதி. போன் அடிக்கிறது. மாதேஸ்வரன். இரண்டாவது தடவை அடிக்கிறது. மூன்றாவது தடவை எடுத்தேன். ஏனுங்ணா, கூட்டம் இப்பவே ஏறிருச்சு, கொஞ்சம் நேரமா வந்தீங்கன்னா நல்லாருக்கும் என்றான். காய்ச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மாதேசு, என்ற காலு செத்துப்போச்சுடா" என்றேன். "பிரேக்கு மேல இருக்கா தரைல இருக்கான்னு எனக்குத் தெரிய மாட்டீங்குது."

பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் மட்டும் கேட்டது, யாரோ அன்னாசிப்பழம் விற்கிறார்கள். அவன் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன்.

"தெரியுங்ணா" என்றான்.

என்ன தெரியும் என்றேன். குரங்கு இல்லைன்னு தெரியுங்ணா என்றான். அன்றைக்கு நான் குனிந்து காலைப் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான். அதிலிருந்து டிக்கெட்டையெல்லாம் செம்மேட்டிலேயே கிழித்து முடித்துவிடுகிறானாம். முதல் வளைவிலிருந்து காரவள்ளி வரைக்கும் என் சீட்டுக்குப் பக்கத்து இஞ்சின் மூடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறானாம். என்னோடு பேச்சுக்குத்தான் வந்து உட்காருகிறான் என்று நான் நினைத்தேன், வீட்டுக் கதை பேசுவான், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை. பேசிக்கொண்டே ஒரு கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்திருக்கிறான். இருபத்தொரு நாள், ஒரு நாளைக்கு இரண்டு இறக்கம், ஓர் இறக்கத்துக்கு எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். ஏன்டா எங்கிட்ட சொல்லல என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சுங்ணா. நாங் கேட்டு, நீங்க ஆமான்னுட்டீங்கன்னா?"

பிறகு அவன் மெல்ல, டீச்சர் இன்னைக்கு நேரமே வந்து உக்காந்துட்டாங்க, முன்சீட்டுல, என்ன சொல்லட்டுங்க என்றான். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஐம்பதுக்கு மேல் என்றான். எல்லாரையும் எறக்கிவிட்டுரு மாதேசு, கீழிருந்து வேற டிரைவர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஏற வேண்டாம், ஏன்னு கேட்டா எம் பேரச் சொல்லு என்றேன். சரிங்ணா என்றான். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வண்டிக்குள்ளிருந்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கும் சத்தம், மூட்டையை இழுக்கும் சத்தம், படியில் ஒவ்வொரு காலாக இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் டீச்சரின் குரல் கேட்டது, பாத்துப் புடிச்சுக்கோங்க என்று மாதேஸ்வரன் யாரையோ கைதாங்கி இறக்கும் குரலும் கேட்டது. பிறகு போன் ஓய்ந்தது. முன்வாசலில் கதவு திறக்கிறது, பூங்கொடி வந்துவிட்டாள், ஏனுங்க, இன்னும் கிளம்பலீங்களா என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். எழுந்து நிற்கப் பார்க்கிறேன், உடம்பு என்னவோ போல ஆடுகிறது, எதனால் ஆடுகிறது என்று தெரியவில்லை. குனிந்து பார்க்கிறேன். என் இரண்டு கால்களும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன.